கழுகுப்பாறையில் நிற்காத தண்ணீர்

"இன்னைக்கு எடுத்தாத்தான் உண்டுக்கா. நாளைக்குக் கடல் கலங்கிரும். அப்புறம் கருவிய மண்ணு மூடிரும்!" என்றான் முக்குளிப்பவன் இன்னாசி.

இரண்டு தீவுகளுக்கு நடுவே குறுகி ஓடுவது கழுகுப்பாறை நீரிணை. அதன் அடியில் கிடந்த கருவி ஒரு மாதமாக நீரோட்டத்தின் வேகத்தை அளந்திருந்தது. வேகம் போதுமானால் கடலுக்குள் சுழலி வைத்து மின்சாரம் எடுக்கலாம். தீவின் ஐஸ் ஆலை ஓடும், பிடித்த மீன் அழுகாது. பொறியாளர் தமயந்திக்கு அதுதான் புதையல்!

"இப்பத்தான் கடல் முழுசா ஏறியிருக்கு. ஓட்டம் நிக்கும். இறங்கு!" என்றாள்.

இன்னாசி படகிலிருந்து குதித்தான். அவன் இடுப்புக் கயிற்றின் மறுமுனை தமயந்தியின் கையில். ஓர் இழுப்பு என்றால் நலம். இரண்டு என்றால் தூக்கு!

சற்று நேரத்தில் கயிறு விறைத்து, ஓயாமல் அதிர்ந்தது. ஒன்றா, இரண்டா? அவளுக்குப் புரியவே இல்லை.

"அக்கா, நீவாடு பேயா இழுக்குது!" என்று கத்தினான் படகோட்டி ரெக்சன். அவன் நீவாடு என்ற நீரோட்டம் படகின் முன்முனையில் மோதி நுரைத்தது.

தமயந்திக்கு அப்போதுதான் உறைத்தது. நீரிணையில் கடல்மட்டம் உச்சியில் இருக்கும்போதே ஓட்டமும் பாய்ச்சலில் இருக்கலாம். படித்த பாடம்தான், அவசரத்தில் மறந்து தொலைத்தாள். அவள் சொல்லை நம்பித்தானே அவன் இறங்கினான்!

இருவரும் இழுத்தார்கள். கயிறு அசையவில்லை. படகை நங்கூரம் பிடித்திருந்தது. இன்னாசியை ஓட்டம் தள்ளியது.

"நங்கூரத்த அறு!"

"அறுத்தா மறுபடி இங்க நிக்க முடியாது. கருவி போயிரும்க்கா!"

"போகட்டும். அவன் வேணும், அறு!"

ரெக்சன் வெட்டினான். படகு ஓட்டத்தோடு பாய, கயிறு தளர்ந்தது! மூச்சிரைக்க இழுத்தார்கள். முதலில் குமிழிகள், பிறகு இன்னாசியின் தலை.

அவன் உப்புநீரைத் துப்பினான். "கருவியத் தொட்டுட்டேன்க்கா. பிடிக்கத்தான் முடியல."

தமயந்தி அழுதேவிட்டாள். "தப்பு என்னோடது. மட்டத்தப் பார்த்தேன், ஓட்டத்தப் பார்க்கல."

எஞ்சின் அணைந்தே கிடந்தது. ஆனாலும் தீவு விறுவிறுவென்று பின்னே போயிற்று. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜிபிஎஸ் திரையைப் பார்த்தாள். நொடிக்கு இரண்டரை மீட்டர்! "சுழலி வைக்க ஒருநாள் கணக்கு போதாது. ஆனா இன்னொரு கருவி கேட்க இது போதும்!"

"அப்ப ஓட்டத்துல இழுபட்ட நான்தான் இன்னைக்குக் கருவியா?" என்றான் இன்னாசி.

புதுக் கருவி வந்தது. அதை வைக்கப் போன அன்று தமயந்தி முதலில் ஒரு மரக்கட்டையைத் தண்ணீரில் போட்டாள். கட்டை நகராமல் நின்ற பிறகே இன்னாசியை இறங்கவிட்டாள்.