குழிப்பாளையத்துக்கு ஒரு தணிக்கைத் தடை

அன்று காற்று வரும் நாள். மணி ஆறுகூட ஆகவில்லை, குழிப்பாளையத்தின் தெருக்குழாயடியில் ஆட்கள் வரிசை கட்டிவிட்டார்கள். வீட்டுக்கு இரண்டு உருளை என்று முறை. நிரப்பியதை இடுப்பில் வைத்துக்கொண்டு நடையைக் கட்ட வேண்டியதுதான். நிலவில் எதற்குமே ஆறில் ஒரு பங்கு எடைதான் என்பதால் இடுப்பு நோகாது. யாராவது நைசாக மூன்றாவது உருளையை நீட்டினால் மட்டும் வந்தது வினை. சண்டை போடவும் காற்று செலவாகும் என்பதை அந்த நேரத்தில் யார் யோசிக்கிறார்கள்?

குழிப்பாளையம் நிலவின் தென்முனையில், ஒரு பெரிய பள்ளத்துக்குக் கூரை போட்டுக் கட்டிய ஊர். கோயம்புத்தூர், ஈரோடு பக்கத்திலிருந்து பனிக்கட்டி வெட்டும் வேலைக்கென்று வந்தவர்கள், பிறகு குடும்பத்தையும் வரவழைத்துத் தங்கிவிட்டார்கள். ஊர் வளர்ந்து பேரூராட்சி ஆகிவிட்டது. பனிக்கட்டியைப் பிளந்து உயிர்க்காற்று எடுக்கும் பொறிக்கு வளிவடிப்பான் என்று பெயர். ஊருக்கு இருந்தது ஒன்றே ஒன்று, அதற்கும் வயதாகிவிட்டது. ஒரு நாள் ஓடினால் மறுநாள் படுத்துக்கொள்ளும். அதனால்தான் ஒன்றுவிட்டு ஒரு நாள் காற்று. படுத்தது எழுந்திருக்காமலே போனால் ஊரைக் காலி செய்ய வேண்டியதுதான்.

“தினமும் காற்று” என்று சொல்லித்தான் ரங்கநாயகி பேரூராட்சித் தலைவர் தேர்தலில் ஜெயித்தார். ஜெயித்தபின் சொன்னதை மறக்கிற வழக்கத்தை அவர் பழகவில்லை. பூமிக்கு மனுமேல் மனுவாகப் போட்டு, புது வளிவடிப்பானுக்கு மானியம் வாங்கிவிட்டார். ஒரே ஒரு நிபந்தனை. புறக்கோள் உள்ளாட்சிச் சட்டப்படி ஆண்டுத் தணிக்கை முடிந்து சான்றிதழ் கையெழுத்தானால்தான் மானியம் வரும். சான்றிதழ் இல்லாத ஊருக்கு அந்த ஆண்டு ஒன்றும் கிடையாது. பழைய பொறியோ அடுத்த ஆண்டுவரை தாங்காது என்று மெக்கானிக் கையை விரித்துவிட்டார்.

ஆனாலும் ரங்கநாயகிக்குத் தணிக்கையை நினைத்துப் பயமில்லை. குழிப்பாளையத்தின் கணக்கை எழுதுவது மனிதர் அல்ல, கணக்கி. சுவர், குழாய், பூட்டு எல்லாவற்றிலும் பரவியிருக்கும் ஒரு செயற்கை அறிவு அது. ஊர்ப் பொருளை யார் தொட்டாலும் அந்தக் கணமே பதிந்து, உரியவரிடம் வசூலித்து, உரிய தலைப்பில் சேர்த்துவிடும். ஆண்டு முடிவில் கணக்கை மூட வேண்டிய அவசியம்கூட இல்லை. தணிக்கையாளர் ஊரை விட்டுக் கிளம்பும் நிமிஷம்வரை எல்லாமே தணிக்கைக்குள்தான். செயல் அலுவலர் கிட்டுச்சாமிக்குக் கணக்கு விஷயத்தில் வேலையே இல்லை. செலவைப் போட வேண்டிய தலைப்பை முடிவு செய்யும் அதிகாரம் மட்டும் சட்டப்படி அவர் கையில் இருந்தது. அதையும் அவர் பயன்படுத்தியதில்லை, கணக்கியே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டிருந்தார்.

தணிக்கையாளரும் ஓர் எந்திரம்தான். தணிக்கி என்று பெயர். மூன்று கால், தவலை அளவுக்கு ஓர் உடம்பு, மேலே ஓர் உணர்கொம்பு. முகம் என்று எதுவும் கிடையாது. வருகிறவர் எந்திர அதிகாரி, மாலை மரியாதை என்று வழக்கமான கூத்து எதுவும் வேண்டாம், நம் மேல் ஒரு துரும்புகூட விழக்கூடாது என்று ரங்கநாயகி முன்கூட்டியே எல்லோரையும் எச்சரித்துவிட்டார். கும்பிட்டு வரவேற்றதோடு சரி. தணிக்கியும் மின்சாரம்கூடக் கேட்காமல், கொண்டுவந்த மின்கலத்தில் ஓடிக்கொண்டு, இரண்டு நாள் மூலையில் உட்கார்ந்து கணக்கைப் பார்த்தது. பிறகு தலைவரையும் செயல் அலுவலரையும் கூப்பிட்டு, நிறுத்தி நிதானமாகச் சொன்னது:

“உங்கள் கணக்கில் ஒரு குறையும் இல்லை. ஆகவே சான்றிதழ் தர இயலாது.”

முதல் பாதியைக் கேட்டுச் சிரிக்க ஆரம்பித்த கிட்டுச்சாமிக்கு இரண்டாம் பாதி காதில் ஏறக் கொஞ்சம் நேரமாயிற்று.

தணிக்கி விளக்கியது. குறை கண்டு எழுதுவதற்குத் தணிக்கைத் தடை என்று பெயர். தடை எழுதப்பட்டால் பதில் சொல்லலாம், பணத்தைக் கட்டலாம், அத்தோடு சான்றிதழும் வாங்கிக்கொள்ளலாம். தடையே இல்லையென்றால்தான் சிக்கல். சட்டத்தை எழுதியவர்கள் பூமியில் தலைமுறை தலைமுறையாகத் தணிக்கை பார்த்து அனுபவப்பட்டவர்கள். குறையே இல்லாத உள்ளாட்சிக் கணக்கு என்று ஒன்று இருக்க முடியாது, இருந்தால் அது மகா கெட்டிக்காரத்தனமாக மறைத்த கணக்கு என்பது அவர்கள் கண்ட முடிவு. அதனால் தடையில்லாத கோப்பு நேரே சிறப்புப் புலனாய்வுக்குப் போகும். அது முடிய வருஷக்கணக்காகும். அதுவரை மானியம் நிற்கும்.

 ஒழுங்காக இருந்ததற்கா இந்தத் தண்டனை என்று ரங்கநாயகிக்கு ஆத்திரம் வந்தது. கிட்டுச்சாமி பதவிசாகத் தணிக்கியின் பக்கத்தில் போய், ஏதாவது சின்னதாக ஒன்றை நீங்களே எழுதிவிடுங்கள் என்று கேட்டுப் பார்த்தார். இல்லாததை எழுதத் தனக்கு வராது என்றது தணிக்கி. சரி, இப்போதே ஒரு தப்பு செய்துவிடுகிறோம் என்றார் தலைவர். தடை வேண்டும் என்பதற்காகச் செய்கிற தப்பு தப்பாகாது, அது நாடகம் என்று அதற்கும் மறுத்துவிட்டது.

அப்படியானால் நிஜமாகவே செய்த தப்பைத்தான் தேட வேண்டும். ரங்கநாயகி தன்னிலிருந்தே ஆரம்பித்தார். வீட்டில் அலமாரி மாட்டப் பேரூராட்சியின் துளைப்பொறியை யாருக்கும் தெரியாமல் எடுத்துப் போனதை, ஒப்புக்கொண்டார். கணக்கியிடம் கேட்டால், அதற்கு வாடகை போட்டு, தலைவரின் மதிப்பூதியத்தில் பிடித்தமும் செய்தாயிற்று என்றது. போன மாதம் பணம் குறைந்ததன் காரணம் அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

வார்டு உறுப்பினர் மாரப்பன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார். கூரைக்குச் சாயம் பூசும் ஒப்பந்தத்தைத் தன் மச்சானுக்கு வாங்கிக் கொடுத்தவர் அவர். இது தப்பாமல் தப்புதான் என்று ஊரே நம்பியது. கணக்கியோ, மூன்று முறை விளம்பரம் செய்தும் மச்சானைத் தவிர யாரும் வரவில்லை, கேட்ட தொகையும் நிர்ணயித்ததைவிடக் குறைவு, வேலையும் சுத்தம் என்று பதில் சொன்னது. மாரப்பனுக்கு மானமே போய்விட்டது.

“இத்தன வருஷமா பதவீல இருந்து ஒரு தப்பக்கூட உருப்படியாப் பண்ணத் தெரியலீங்க எனக்கு,” என்று சொல்லிவிட்டு ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டார்.

விஷயம் பரவி, ஊர் ஜனம் அலுவலகத்துக்கு வந்துவிட்டது. மூன்றாவது உருளை பிடித்தவர்கள், ஊர்ப் பொதுத் தோட்டத்துத் தக்காளியைப் பறித்தவர்கள், குப்பை வரி கட்டாதவர்கள் என்று ஆளாளுக்குத் தன் குற்றத்தைச் சொல்லி மன்றாடினார்கள். ஒவ்வொன்றையும் கணக்கி முன்பே பிடித்து, வசூலித்து, நேர் செய்து வைத்திருந்தது. திருடினதாக நினைத்துக்கொண்டிருந்த எல்லோருமே காசு கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள் என்று அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது.

தணிக்கி கிளம்புகிற நேரம் வந்துவிட்டது. புலனாய்வுக்கு அனுப்பும் கோப்பில் கையெழுத்துப் போட்டுவிட்டு ரங்கநாயகி நாற்காலியில் சாய்ந்தார். கண் கலங்கியிருந்தது. எந்தெந்தக் குடும்பத்தை எந்த ஊருக்கு அனுப்புவது என்று இப்போதே யோசிக்க வேண்டும், கைக்குழந்தை உள்ளவர்களை முதலில் ஏற்ற வேண்டும் என்று மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். கிட்டுச்சாமி தலையை ஆட்டினாரே தவிர, அவர் நினைப்பெல்லாம் வாசலில் இருந்தது. அங்கே தணிக்கி, கூரைக்குள்ளேயே இறங்குதளத்தில் நின்ற தன் விண்கலத்தை நோக்கி மூன்று காலில் நடந்துகொண்டிருந்தது.

காரியம் கெட்டது கெட்டதுதான். அதற்காக, அத்தனை தூரம் வந்த ஓர் அதிகாரியை வெறுமனே அனுப்புவதா? வந்தபோதுதான் தலைவரம்மா தடுத்துவிட்டார். போகும்போதும் ஒன்றும் செய்யாவிட்டால் நம் ஊரைப் பற்றி என்ன நினைப்பார்? கிட்டுச்சாமிக்கு மனசு கேட்கவில்லை. எதிரே கூட்டுறவு அங்காடி. ஓடிப்போய், நல்ல சரிகைக் கரை போட்ட பொன்னாடை ஒன்றை எடுத்துக்கொண்டு, பேரூராட்சிக் கணக்கில் எழுதச் சொன்னார். இந்தச் செலவுக்கென்று தலைப்பே இல்லாததால், எந்தத் தலைப்பில் என்று சுவரிலிருந்து கணக்கி கேட்டது. தணிக்கி கண்ணை விட்டு மறைந்துவிடப் போகிறதே என்ற அவசரம் அவருக்கு. அவருக்கு முன்னால் இருந்தவர்களும் அவர்களுக்கு முன்னால் இருந்தவர்களும் சொல்லிச் சொல்லிப் பழகிய வார்த்தை வாயில் தானாக வந்தது.

“பைப்பு ரிப்பேர்ல போட்டுக்கோ.”

கலத்தின் படிக்கட்டில் தணிக்கியைப் பிடித்துவிட்டார். தோள் எது என்று தெரியவில்லை. உணர்கொம்பைச் சுற்றி ஒருவழியாகப் போர்த்தி, கையெடுத்துக் கும்பிட்டு, மாரப்பனைக் கூப்பிட்டு ஒரு படமும் எடுக்கச் சொன்னார். ஐயா வந்து போனதில் எங்களுக்கு ரொம்ப சந்தோஷம் என்று நாலு வார்த்தை பேசவும் செய்தார். பின்னாலேயே வந்த ரங்கநாயகிக்கு, இந்த நிலைமையில் இது ஒரு கேடா என்று பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் படம் எடுக்கும்போது அவரும் ஓரமாக வந்து நின்றார்.

தணிக்கி அசையாமல் நின்றது. பொன்னாடைக்குள்ளிருந்து குரல் வந்தது.

“தணிக்கைத் தடை ஒன்று. தணிக்கையாளருக்குப் பொன்னாடை வாங்கிய வகையில் அனுமதி பெறாத செலவு. அதைக் குழாய் பராமரிப்பு என்று தவறான தலைப்பில் காட்டியது. தொகையைச் செயல் அலுவலரிடம் வசூலிக்க வேண்டும்.” சிறிது நிறுத்தி, “புலனாய்வுக் கோப்பு ரத்து. சான்றிதழில் கையெழுத்தாயிற்று,” என்றது.

ரங்கநாயகி அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. கிட்டுச்சாமி தன் காசு அட்டையை எடுத்து, இப்போதே பிடித்துக்கொள்ளுங்கள், கூடவே அபராதம் ஏதாவது இருந்தால் அதையும் பிடித்துக்கொள்ளுங்கள் என்று நீட்டினார். அவர் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து இத்தனை நிறைவாகப் பணம் கட்டியதில்லை. மாரப்பன் ஊருக்குள் ஓடினார். குழிப்பாளையத்தின் மேல் தடை விழுந்துவிட்டது என்று அவர் சொல்லச் சொல்ல, தெருத்தெருவாக ஜனம் கைதட்டியது. மிட்டாய்கூடக் கொடுத்தார்கள். பொறி வந்துவிடும், தினமும் காற்று வரும், யாரும் எங்கேயும் போக வேண்டாம். ஊரே இழுத்து ஒரு பெருமூச்சு விட்டது, காற்று செலவாகிறதே என்று அன்றைக்கு யாரும் பார்க்கவில்லை.

பொன்னாடையைத் திருப்பித் தர முடியாது, அது சான்றுப்பொருள் என்றது தணிக்கி. கலத்தின் பக்கவாட்டில் இருந்த அறையைத் திறந்தது. உள்ளே தரையிலிருந்து கூரைவரை பொன்னாடைகள். சிவப்பு, பச்சை, மஞ்சள், சரிகை வைத்தது, வைக்காதது. ஒரு மூலையில் காய்ந்துபோன மாலைகள்.

ரங்கநாயகி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

“ஏனுங்க சார், கணக்கு பூராவும் கணக்கிகிட்டயே இருக்குது. அங்க பூமியில உக்காந்துட்டே பாத்திருக்கலாமுங்களே. நீங்க எதுக்கு இத்தன தூரம் வரோணும்?”

“கணக்கைப் புறப்படும் முன்பே பார்த்துவிட்டேன்,” என்றது தணிக்கி. “கணக்கிகள் வந்த பிறகு எந்த ஊர்க் கணக்கிலும் தடை கிடைப்பதில்லை. சட்டமோ தடை கேட்கிறது. எதிரே அதிகாரி என்று யாராவது வந்து நின்றால்தான் உங்களுக்குக் கை நீளும். அதற்காகத்தான் நேரில் வருகிறோம். மற்ற ஊர்களில் கலத்தை விட்டு இறங்குவதற்குள் போர்த்திவிடுவார்கள். இங்கேதான் இரண்டு நாள் காத்திருக்க வேண்டியதாகிவிட்டது.”

கிட்டுச்சாமிக்கு உடனே அடுத்த கவலை பிடித்துக்கொண்டது. ரகசியம் தெரிந்துபோய்விட்டது. அடுத்த வருஷம் தெரிந்தே போர்த்தினால் அது நாடகமாகிவிடுமே, அப்புறம் ஊர் கதி என்ன ஆவது என்று கேட்டார்.

“இதை ஒவ்வோர் ஊரிலும் சொல்லிவிட்டுத்தான் கிளம்புகிறேன்,” என்றது தணிக்கி. “அடுத்த ஆண்டு வரும்போது யாருக்கும் இது நினைவிலேயே இருப்பதில்லை. பொன்னாடைதான் தயாராக இருக்கும். இதுவரை ஓர் ஊர்கூட எங்களைக் கைவிட்டதில்லை.”

கதவு மூடிக்கொண்டது. காற்று கசியாத இரட்டைக் கதவு வழியாக வெளியேறிய கலம் எழும்பிச் சின்னதாகி மறையும்வரை இருவரும் சாளரத்துக்கு இந்தப் பக்கம் கைகூப்பியபடி நின்றார்கள். திரும்பி நடக்கும்போது கிட்டுச்சாமி தலைவரிடம் சொன்னார்:

“பாவமுங்க, நல்ல மனுசன். அடுத்த தடவ ஒரு மாலையும் சேத்துச் சொல்லிப்போடலாமுங்க.”

ஆமாம், பொன்னாடை மட்டும் என்றால் வெறிச்சென்று இருக்கிறது என்றார் ரங்கநாயகி.