மலைவேங்கை கண்ட அரிய மலர்

உலக வரலாற்றில் மலைகளைப் பணியவைத்த மாவீரர்கள் மிகச் சிலரே. அந்த வரிசையில் அடுத்த பெயர் தேனி சௌந்தரபாண்டியன். இதைச் சொன்னவர் தேனி சௌந்தரபாண்டியன். சொன்ன இடம் வனத்துறைச் செக்போஸ்ட். சொல்லி முடிப்பதற்குள் முதல் அட்டை அவர் கெண்டைக்காலில் ஏறிவிட்டது.

வேதவல்லி பின்னால் நடந்தாள். தாவரவியல் ஆராய்ச்சி செய்பவள். ஆனால் காட்டுக்குள் போக அனுமதி கிடைத்தது 'மலைவேங்கைப் பேரவை'த் தலைவரான அவர் பெயருக்குத்தான். சோலைக்காட்டில் ஒரே ஒரு மரத்தில் அவள் ஒரு சின்ன ஆர்க்கிட்டைப் பார்த்திருந்தாள். அப்போது மொட்டு. பூவைப் படம் எடுத்தால்தான் அது புது இனம் என்று நிரூபிக்க முடியும். அவருக்கு வேண்டியதும் அதே பூதான். ஆனால் தொட்டியில், பாராட்டு விழா மேடையில், தன் பெயரோடு.

"ஏம்மா, அது மரத்தோட சத்தை உறிஞ்சித்தானே வளருது?"

"இல்ல சார். பட்டையச் சும்மா பிடிச்சுக்கிட்டிருக்கும். மழையும் மூடுபனியும் போதும் அதுக்கு. உறிஞ்சுறது புல்லுருவி."

"அது நம்ம வீட்லயே ஒண்ணு இருக்கே." மூன்று பேர் மூட்டையையும் சுமந்து வந்த மச்சினன் ஒச்சப்பனைக் கைகாட்டினார். "அக்கா புருசன் சோத்துலயே வளந்த உடம்பு."

"மூட்டைய இங்கனயே வச்சிரவா மாமா?"

"பேசாம தூக்குடா."

குறுக்கே வந்த காட்டாற்றை வேங்கை அஞ்சாமல் கடந்தது, ஒச்சப்பன் முதுகில்.

மரம் அதே இடத்தில் சாய்ந்து நின்றது. கவட்டையில் மெத்தைபோல் பாசி. அதற்குள் நகக்கண் அளவு இலைகள், நடுவே அரிசியளவு வெள்ளைப் பூ, அதில் ஓர் ஊதாப் புள்ளி. மலர்ந்திருந்தது. வேதவல்லி கேமராவை எடுத்தாள், லென்ஸில் பனி படிந்திருந்தது. துப்பட்டாவால் துடைத்துக்கொண்டே, "சார், கவட்டையில பாருங்க, கிட்டப் போகாதீங்க," என்றாள்.

அவர் கவட்டையைப் பார்க்கவில்லை. அண்ணாந்து பார்த்தார். உச்சிக்கிளையில் செக்கச்செவேலென்று ஒரு பூங்கொத்து.

"கண்டுபிடிச்சிட்டேன்!"

கவட்டையில் பூட்ஸை வைத்தார். வழுக்கியது. பிடிமானத்துக்காக இன்னும் இரண்டு முறை தேய்த்தார். பாசி பாயைச் சுருட்டியதுபோல் உரிந்து விழுந்தது. வேதவல்லி நிமிர்ந்தபோது அங்கே வெறும் பட்டை. மண்டியிட்டுச் சருகையெல்லாம் துழாவினாள். பூ கிடைக்கவில்லை.

"இதுதானேம்மா?" கிளையை ஒடித்துக்கொண்டு இறங்கியிருந்தார்.

அவள் பட்டையைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"ஆமா சார். உங்க பேரையே வச்சிரலாம். அவ்வளவு பொருத்தம்."

ஒச்சப்பன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். திரும்பும்போது மாமாவை அவனாகவே முதுகில் ஏற்றிக்கொண்டான்.

விழாவில் செடிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். 'சௌந்தரபாண்டிய மலர்' என்று பேனர். நான்கு பேர் அவரை வானளாவப் புகழ்ந்த பிறகு, பயணத்தைப் பற்றி நாலு வார்த்தை பேச ஒச்சப்பனைக் கூப்பிட்டார்கள்.

"எனக்கு மேடைப் பேச்செல்லாம் வராதுங்க. ஊர்ல இதுக்குப் பேரு புல்லுருவி. நம்ம மண்டபத்து வாசல் மாமரத்துலகூட நிறையா தொங்குது. இனிமே அதெல்லாம் மாமா பேருதான்."

கூட்டம் மொத்தமாக வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தது. பிறகு கைதட்டியது, நெடுநேரம் தட்டியது. பெயர் வைக்கும் முன்பு செடி எதுவென்று விசாரித்துக்கொள்வது நல்லது.

சௌந்தரபாண்டியன் எதுவும் நடக்காததுபோல் கால்மேல் கால் போட்டுக்கொண்டார். வீரத்துக்குச் சாட்சியாகக் கழுவாமல் மாட்டி வந்த அதே பூட்ஸ். முதல் வரிசையில் இருந்த வேதவல்லிக்கு அதன் அடிப்பக்கம் தெரிந்தது. பள்ளத்தில் இறுகிய சேற்றோடு அரிசியளவு பூ ஒன்று ஒட்டியிருந்தது. ஊதாப் புள்ளிகூடத் தெரிந்தது.

அவள் கேமரா கொண்டுவரவில்லை.