அஞ்சு செகண்ட் நெருப்பு

அலறல்!

தீச்சோதனை அறையிலிருந்து ஒரே ஒரு அலறல். அப்புறம் நிசப்தம்.

தங்கை ஓடி வந்தபோது அக்காவின் உயிர் போயிருந்தது. அத்தான் அதிவேகக் காமிராவின் பக்கத்தில், தோல் கையுறைகளோடு தலையில் தலையில் அடித்துக்கொண்டு நின்றார்.

வாயுக் குழாய் வெடித்துவிட்டது என்றார். சத்தம் கேட்டு ஓடி வந்தாராம். காப்பாற்ற முடியவில்லையாம். சாட்சிக்கு ஆகட்டும் என்று காமிரா பட்டனை மட்டும் அழுத்தினாராம்.

அக்கா விவாகரத்து கேட்டிருந்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் காலை.

விளக்கை அணைத்த அறை. பெரிய திரை. கதவோரம் இன்ஸ்பெக்டர், நடுவில் அத்தான். கம்ப்யூட்டருக்கு முன்னால் தங்கை. அந்தத் தீச்சோதனைக் கூடத்தில் சோதனைகள் அக்காவுடையவை, காமிரா வேலை அவளுடையது. அத்தானுக்கு அலுவலக மேஜையைத் தவிர எதுவும் தெரியாது.

"நல்லவேளை நீங்க பட்டனை அழுத்தினீங்க, அத்தான்."

"தீப்பிடிச்சப்புறம்தானேம்மா அழுத்தினேன். அதுல என்ன தெரியப் போகுது?"

"இந்தக் காமிரா அப்படி இல்ல. ஆன்ல இருந்தா சும்மா எடுத்து எடுத்து அழிச்சுக்கிட்டே இருக்கும். பட்டனை அழுத்தினா, அதுக்கு முந்தின அஞ்சு செகண்டைப் பத்திரமா வச்சுக்கும்."

முந்தின அஞ்சு செகண்ட்...

அத்தான் தன் வலது கையைப் பார்த்தார். வாயு வால்வைத் திருகிய கை, நேராகப் பட்டனுக்குத்தானே போனது!

படம் ஓடியது. ஓடியது என்பதே பொய்... ஊர்ந்தது. செகண்டுக்குப் பத்தாயிரம் படம் எடுக்கும் காமிரா; ஐந்து செகண்ட் நெருப்பு திரையில் அரை மணி நேரம் நீளும் என்றாள் தங்கை. திரையில் பர்னரும் வால்வும் மட்டும்; சோதனைக்கு ஏற்றிய சின்னத் தீ, பால் பொங்குவது போல மெல்ல மெல்ல எழுந்தது.

திரையின் ஓரத்தில் ஏதோ அசைந்தது.

ஒரு விரல் நுனி. தோல் கையுறை!

அத்தான் நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்தார். இனி மணிக்கட்டு வரும். முழங்கை வரும். அப்புறம் முகம்...

எழுந்தார். கொஞ்சம் காற்று வாங்கிவிட்டு வருவதாகச் சொன்னார்.

"உக்காருங்க சார்" என்றார் இன்ஸ்பெக்டர். "அஞ்சு செகண்ட்தானே?"

உட்கார்ந்தார். திரையில் கை அரை அங்குலம் நகர்ந்தது. இன்னும் அரை அங்குலம். வால்வை நோக்கித்தான்! கண்ணை மூடினார். மூடிய கண்ணுக்குள் அக்கா அலறினாள்.

"நிறுத்து... முகம் வரைக்கும் போக வேண்டாம். நான்தான் திறந்தேன்."

விளக்கு எரிந்தது. தங்கை அழுதுகொண்டிருந்தாள்.

"இது முந்தாநாள் எடுத்த ஒத்திகைப் படம். அந்தக் கை என்னோடது."

அத்தான் திரையைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். கதவை இன்ஸ்பெக்டர் அடைத்துக்கொண்டு நின்றார்.

"சத்தம் கேட்டு பதறி ஓடி வர்றவன், கையுறை மாட்டிக்கிட்டா சார் வருவான்? அங்கதான் இடிச்சுது. ஆனா ஆதாரம் ஒண்ணும் இல்ல. நீங்களாப் பார்த்துக் குடுத்தாத்தான் உண்டு."

"அப்போ... நான் எடுத்த படம்?"

தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மேஜையிலிருந்து வட்டமான கறுப்பு மூடி ஒன்றை எடுத்து அவர் மடியில் போட்டாள்.

"கும்மிருட்டு, அத்தான். அடுத்த தடவை லென்ஸ் மூடியைக் கழட்டிட்டு அழுத்துங்க."