ஜெரால்டோடு பேசினால் அவுட்

அனிஷாவுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதைக் கண்டாலும் கழற்றிப் பார்த்துவிடுவாள். கழற்றுவதில் கெட்டிக்காரி. திரும்பப் பூட்டுவதில்தான் கொஞ்சம் தகராறு.

அவள் வீட்டுச் சுவர்க் கடிகாரம் போன மாதம்வரை ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. இப்போது அது துண்டு துண்டாக ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் இருக்கிறது. யாராவது "மணி என்ன?" என்று கேட்டால் அவள் அப்பா டென்னிஸ் அந்த டப்பாவை எடுத்துக் குலுக்கிக் காட்டுவார்.

அப்படிப்பட்ட அனிஷாவுக்கு முன்னால் ரேகா டீச்சர் ஒரு பழைய செல்போனையும் குட்டி ஸ்க்ரூ டிரைவரையும் கொண்டுவந்து வைத்தால் அவள் கதி என்ன ஆகும்! வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பு. ஐந்தாம் வகுப்பு முழுக்க வீட்டுக்குப் போகும் அவசரத்தில் இருந்தது. அனிஷா மட்டும் கண்ணைச் சிமிட்டாமல் உட்கார்ந்திருந்தாள்.

"இந்தப் போன் செத்துப் போச்சு. ஆனா இதுக்குள்ள ஒரு சிப் இருக்கு. நகத்தளவுதான் இருக்கும். இதோட மூளையே அதுதான்" என்றார் டீச்சர்.

அந்தச் சிப் எப்படி வந்தது என்றும் சொன்னார். அந்தக் காலத்தில் கணினி என்றால் ஓர் அறையையே அடைத்துக்கொண்டு நிற்கும். அதற்குள் இருக்கும் ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கம்பியால் இணைக்க வேண்டும். அமெரிக்காவில் ஒரு கம்பெனியில் எல்லாரும் கோடை விடுமுறைக்குப் போய்விட்டார்கள். புதிதாகச் சேர்ந்த ஒருவருக்கு மட்டும் லீவு இல்லை. ஆளில்லாத ஆபீசில் தனியாக உட்கார்ந்து யோசித்தார். எல்லாவற்றையும் ஏன் தனித்தனியாகச் செய்ய வேண்டும்? ஒரே துண்டில் செய்துவிட்டால் என்ன? செய்தும் காட்டினார். சில மாதங்களில் இன்னொருவர் அதையே சிலிக்கானில் செய்ய வழி கண்டுபிடித்தார். சிலிக்கான், மணலிலிருந்து எடுப்பது.

"லீவு குடுக்காததாலதான் கண்டுபிடிச்சாரா டீச்சர்?" என்று நசீர் எழுந்தான். "அப்ப எங்களுக்கு நெறைய லீவு குடுத்துடுங்க. நாங்க எதையும் கண்டுபிடிச்சு யாரையும் பேஜார் பண்ண மாட்டோம்."

டீச்சர் சிரித்துவிட்டார். பிறகு ஒரு போட்டி வைத்தார்.

"ஞாயித்துக்கிழமை கண் முழிச்சதுல இருந்து, சாயங்காலம் கோயில் மணி அடிக்கிற வரைக்கும், உள்ளே சிப் இருக்கிற எதையும் நீங்க பயன்படுத்தக் கூடாது. கடைசிவரைக்கும் தாக்குப் பிடிக்கிறவங்க தன் கையால இந்தப் போனைத் திறக்கலாம். யார் வேணா சேரலாம். நான் வந்து பார்க்க மாட்டேன். நீங்களா உண்மையைச் சொல்லணும்."

அனிஷா அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டாள். அந்த ஸ்க்ரூ டிரைவர் அவளுக்குத்தான்.

திருவொற்றியூரில், கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் பெரிய சாலையை ஒட்டி ஒரு சின்னத் தெரு. அங்கேதான் டென்னிஸின் மளிகைக் கடையும் அதன் பின்னால் அனிஷாவின் வீடும். பக்கத்து வீட்டுப் பையன் ஜெரால்ட். மூன்றாம் வகுப்பு. அவன் அப்பா அலெக்ஸாண்டர் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். ஜெரால்டுக்குப் பிறந்ததிலிருந்தே காது சரியாகக் கேட்காது. இரண்டு காதுக்குப் பின்னாலும் காது மெஷின் மாட்டியிருப்பான். அது இருந்தால் ஊர் வம்பு முழுக்க அவனுக்குக் கேட்கும்.

போட்டியைப் பற்றி அறிந்ததும் ஓடிவந்தான்.

"நானும் ஆட்டத்துல கீறேன்கா."

"சரிடா."

"ஒப்புக்கு இல்ல. நெஜமா!"

அனிஷாவுக்குப் புரிந்தது. தெருவில் எந்த விளையாட்டாக இருந்தாலும் ஜெரால்டை ஒப்புக்குத்தான் சேர்ப்பார்கள். பந்து பொறுக்க அவன் வேண்டும். பேட்டிங் மட்டும் வராது.

"நெஜமாத்தான்" என்று அவள் கையில் அடித்துச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. முதல் அவுட், அதே தெருவில் இருக்கும் அனிஷாவின் வகுப்புத் தோழன் மாசானம். பாவம், அவன் இன்னும் கண்ணைக்கூடத் திறக்கவில்லை. தலைமாட்டில் அப்பாவின் செல்போன் அலற, பழக்கதோஷத்தில் தடவி அணைத்துவிட்டான். தெருவுக்கு வந்து தானே ஒப்புக்கொண்டான். "நான் தூக்கத்துலயே அவுட்டு." அவனை அம்பயர் ஆக்கினார்கள்.

அனிஷா அம்மாவோடு மாதா கோயில் பூசைக்குப் போனாள். கோயில் வாசலில் அவளுக்குத் திடீரென்று ஒரு சந்தேகம். மைக், ஸ்பீக்கர் எல்லாவற்றிலும் சிப் இருக்குமே! அதன் வழியாக ஃபாதரின் பிரசங்கத்தைக் கேட்டால் சிப்பைப் பயன்படுத்தியதுதானே? எதற்கு வம்பு என்று நேராக முதல் வரிசைக்குப் போனாள். ஸ்பீக்கர் பெட்டிகள் எல்லாம் பின்னால் இருந்தன. ஒரு காதைக் கையால் பொத்திக்கொண்டு, ஃபாதர் வாயிலிருந்து நேராக வந்த சத்தத்தை மட்டும் கேட்டாள்.

"புள்ளைக்கு இன்னைக்கு எம்புட்டு பக்தி!" என்று அம்மா பூரித்துப் போனாள்.

திரும்பி வந்து தெருவில் விஷயத்தைச் சொன்னாள். எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள். "சிப்பு வழியாக் கேட்டாலும் அவுட்டு" என்று அம்பயர் மாசானம் அறிவித்தான். அதன்பிறகு டீக்கடை டிவியைத் தாண்டும்போதெல்லாம் நசீர் இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டு ஓடினான்.

கடையில் இன்னொரு கூத்து. துவரம்பருப்பு நிறுக்கச் சொன்னார் அப்பா. எலக்ட்ரானிக் தராசைத் தொடமாட்டேன் என்று அனிஷா அடம்பிடித்து, பரணிலிருந்து பழைய தட்டுத் தராசை இறக்கினாள். ஒரு தட்டில் பருப்பு, ஒரு தட்டில் படிக்கல். அது மேலே போனது, கீழே வந்தது, நிற்கவே மாட்டேன் என்றது.

"இன்னா டென்னிஸு, உன் பொண்ணு தராசுக்குத் தாலாட்டுப் பாடினு கீது?" என்றார் பருப்பு வாங்க வந்தவர்.

"மக்ளே, நீ வெளையாடப் போ" என்று அப்பா அவளைத் துரத்தினார். அவளுக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

மதியத்துக்குள் தெருவில் பாதிப் பேர் அவுட். ஒருத்தி ரிமோட்டைத் தொட்டாள், ஒருவன் வீடியோ கேம் ஆடினான். மிஞ்சியவர்கள் அனிஷா, நசீர், அதே வகுப்பு எல்சி, ஜெரால்ட். நால்வரும் கிரிக்கெட் ஆடினார்கள். இன்றைக்கு ஜெரால்ட் நிஜமான ஆட்டக்காரன் அல்லவா! வாழ்க்கையில் முதல் முறையாக மட்டை அவன் கைக்கு வந்தது.

பந்து வீச வந்த நசீர் பாதியில் நின்றுவிட்டான். ஜெரால்டின் காதையே பார்த்தான்.

"டேய், இவன் காதுல மெஷின் கீது. அதுக்குள்ள சிப்பு இருக்கும்ல? சிப்பு வழியாக் கேட்டா அவுட்டுனு சொன்னோமே. அப்ப இவன் காலைலயே அவுட்டுடா!"

எல்லாரும் மாசானத்தைப் பார்த்தார்கள். மாசானம் தலையைச் சொறிந்தான். "ரூலுனா ரூலுதான். அவுட்டு."

ஜெரால்டின் முகம் சுருங்கிப் போயிற்று. கையில் இருந்த மட்டையைப் பார்த்தான். மெதுவாகக் காதிலிருந்து ஒரு மெஷினைக் கழற்றினான். இன்னொன்றையும் கழற்றினான். இரண்டையும் சட்டைப் பைக்குள் போட்டான்.

"இப்ப நான் அவுட் இல்ல!" என்றான். தன் குரலே தனக்குக் கேட்காததால் கத்திச் சொன்னான்.

அனிஷாவுக்கு என்னவோபோல் இருந்தது. இருந்தாலும் வாயைத் திறக்கவில்லை. அந்த ரூலைக் கொண்டுவந்ததே அவள்தானே?

ஆட்டம் தொடர்ந்தது. நசீர் வீசிய பந்தை ஜெரால்ட் ஓங்கி அடித்தான். அது தெருமுனைக்கு உருண்டது. பந்து பொறுக்கிய பழக்கத்தில் அவனே அதன் பின்னால் ஓடினான். அதே நேரம் தண்ணி லாரி ஒன்று, ரிவர்ஸ் எடுக்கும்போது ஒலிக்கும் பாட்டோடு தெருவுக்குள் பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. பந்து லாரிக்குப் பின்னால் போய் நின்றது. ஜெரால்ட் குனிந்தான்.

"ஜெரால்ட்! லாரி! ஜெரால்ட்!"

தெருவே கத்தியது. அவன் திரும்பவில்லை. அவனுக்கு எப்படிக் கேட்கும்? மெஷின் சட்டைப் பையில் அல்லவா இருக்கிறது!

அனிஷா பாய்ந்தாள். எப்படி ஓடினாள் என்று அவளுக்கே தெரியாது. அவன் சட்டைக் காலரைப் பிடித்து ஒரே இழுப்பு. இரண்டு பேரும் சுவரோரம் போய் விழுந்தார்கள். லாரி பந்தின்மேல் ஏறி 'டப்' என்ற சத்தத்தோடு நின்றது.

டிரைவர் எட்டிப் பார்த்தார். அவர் முகம் வெளுத்திருந்தது. "இன்னா நைனா, இவ்ளோ நேரமா பாட்டு போட்டுகினு வரேன், காதுல வுழலியா?"

அனிஷா ஜெரால்டைத் தூக்கி நிறுத்தினாள். ஜெரால்டின் முழங்கை சிராய்த்திருந்தது. அவனுக்கு அடி ஒன்றும் பெரிதில்லை. ஆனால் அவள் அவனுடைய சட்டைப் பையைக் காட்டி, மாட்டிக்கொள்ளச் சொல்லிச் சைகை செய்ததும் அழ ஆரம்பித்துவிட்டான்.

"மாட்னா அவுட்டு! நான் மாட்ட மாட்டேன்! நீ நெஜமானு சொன்னக்கா!"

அனிஷா நசீரைப் பார்த்தாள். எல்சியைப் பார்த்தாள். டீச்சர் மேசைமேல் இருந்த குட்டி ஸ்க்ரூ டிரைவர் ஒரு நிமிஷம் கண்ணுக்குள் வந்து போனது. ஆசையாகத்தான் இருந்தது. ரொம்ப ஆசையாக.

"டேய் மாசானம், அம்பயர்! எனக்கு ஒரு சந்தேகம்" என்றாள். "நான் இவன்கிட்ட பேசினா, என் பேச்சு எது வழியா இவனுக்குப் போவுது?"

"மெஷின் வழியா."

"மெஷினுக்குள்ள?"

"சிப்பு."

"அப்ப பேசுற நானும் சிப்பைப் பயன்படுத்துறேன்தானே?"

மாசானம் நகத்தைக் கடித்தான். நசீர் குறுக்கே வந்தான். "அப்டி பாத்தா காலைல இருந்து இவன்கிட்ட பேசின எல்லாருமே அவுட்டு!"

"காலைல தெரியாம பேசினோம். அது போவட்டும். இப்ப நான் தெரிஞ்சே பேசப் போறேன்."

ஜெரால்டின் சட்டைப் பையிலிருந்து மெஷின் இரண்டையும் எடுத்தாள். ஊதித் துடைத்தாள். அவன் திமிறத் திமிற, தன் கையாலேயே அவன் காதில் மாட்டிவிட்டாள்.

"ஜெரால்ட், நான் பேசுறது கேக்குதா?"

மூக்கை உறிஞ்சிக்கொண்டே தலையாட்டினான். "கேக்குதுக்கா."

அனிஷா கையைத் தூக்கினாள். "அம்பயர், நான் அவுட்டு!"

ஜெரால்ட் அழுகையை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தான். நசீர் காலால் மண்ணைக் கிளறினான். பிறகு நசுங்கிக் கிடந்த பந்தை எடுத்துவந்து நீட்டினான்.

"டேய் ஜெரால்ட், பந்து அப்பளமாயிருச்சுடா. ஆனா இன்னா ஷாட்டுடா அது!"

"சிக்சு!" என்றான் ஜெரால்ட்.

"நசீர் அவுட்டு!" என்று கத்தினான் மாசானம்.

மிஞ்சியது எல்சி மட்டும்தான். அவள் வாயை இறுக்கி மூடிக்கொண்டு நின்றாள். மாலைவரை ஜெரால்டிடம் பேசாமல் இருந்தால் போதும், ஜெயிப்பது அவள்தான். எல்லாரும் அவளையே பார்த்தார்கள். ஜெரால்டும் பார்த்தான். எல்சி ஒரு பெருமூச்சு விட்டாள்.

"ஜெரால்ட், அடுத்த பேட்டிங் எனக்குக் குடுடா."

"தர மாட்டேன். நான் இன்னும் அவுட் ஆவல."

"அய்யோ! போட்டியும் போச்சு, பேட்டிங்கும் போச்சா!" என்று எல்சி தலையில் கைவைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அன்று சாயங்காலம் கோயில் மணி அடித்தபோது ஜெரால்ட் இன்னும் பேட்டிங் செய்துகொண்டிருந்தான்.

மறுநாள் வகுப்பில் ரேகா டீச்சர் கேட்டார். "யார் ஜெயிச்சது?"

ஒரு கைகூட உயரவில்லை. பலர் டிவியில் அவுட், சிலர் செல்போனில் அவுட். "நாங்க மூணு பேரும் ஜெரால்டுல அவுட்டு டீச்சர்" என்றான் நசீர். டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை. நசீர், லாரியில் தொடங்கி அப்பளமான பந்துவரை நடித்தே காட்டினான்.

"போட்டி வச்சப்ப இதை நான் யோசிக்கவே இல்லையே! தப்பு என்மேலதான்" என்றார் டீச்சர். பிறகு போனையும் ஸ்க்ரூ டிரைவரையும் அனிஷாவின் முன்னால் வைத்தார்.

"நான் ஜெயிக்கலியே டீச்சர்?"

"அதனால என்ன? போனைத் திறக்கணும்ல."

"திறக்கட்டும் டீச்சர். மூடச் சொல்லிடாதீங்க" என்றான் நசீர்.

அனிஷா ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். உடனே கீழே வைத்தாள். "மூணாம் கிளாஸ்ல இருந்து ஜெரால்டைக் கூப்பிடலாமா?"

ஜெரால்ட் வந்தான். அனிஷா கழற்றக் கழற்ற, ஒவ்வொரு ஸ்க்ரூவையும் அவன் உள்ளங்கையில் வாங்கிக்கொண்டான். கடைசி ஸ்க்ரூவை அவனே கழற்றினான். மூடி திறந்தது. பச்சைத் தகடு. அதன் நடுவே கறுப்பாக, சதுரமாக, நகத்தளவு ஒரு துண்டு.

"இதுதான் சிப். ஜெரால்ட் காதுல இருக்கிறது இதைவிடச் சின்னது" என்றார் டீச்சர்.

ஜெரால்ட் டீச்சர் கொடுத்த பூதக்கண்ணாடி வழியாக ரொம்ப நேரம் பார்த்தான். இடது கண்ணால் பார்த்தான், வலது கண்ணால் பார்த்தான். பிறகு நிமிர்ந்தான்.

"இவ்ளோதானா? இதுக்கா அக்கா நேத்து அவ்ளோ சண்ட?"

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. ஜெரால்டும் சிரித்தான். அவனுக்கு அந்தச் சிரிப்பு மொத்தமும் கேட்டது.