ஒரே பெயரில் இரண்டு

கடைசியில் போகாமல் நின்றது ஒரே ஒரு ஃபோல்டர்தான். செத்துப்போன மனைவியின் பழைய லினக்ஸ் லேப்டாப் மொத்தமாகப் படுத்துவிடுவதற்குள், அதில் இருந்ததையெல்லாம் தன் விண்டோஸ் கம்ப்யூட்டருக்கு நகலெடுத்துவிட வேண்டும் என்று மத்தியானத்திலிருந்து உட்கார்ந்திருந்தான். ஃபைல் பெயர்களில் கேள்விக்குறியைத் தாராளமாகப் போடுகிறவள் அவள். கேள்விக்குறி உள்ள பெயரை ஏற்காத விண்டோஸ் அவற்றை வாசலிலேயே நிறுத்திவைத்தது. ஒவ்வொன்றாகப் பெயரைத் திருத்தி உள்ளே அனுப்பினான். துக்கம் என்று ஒன்றும் தெரியவில்லை. பல் பிடுங்கிய பிறகு மரத்துப்போன கன்னம் மாதிரி இருந்தது மனசு.

நின்றது மகளின் படங்கள் இருந்த ஃபோல்டர். அவளைக் கூப்பிடும் 'குட்டி' என்ற பெயர், ஆங்கில எழுத்தில். பார்த்தால் அதே பெயரில் இரண்டு ஃபோல்டர்கள். ஒன்றுக்கு முதலெழுத்து பெரியது, மற்றதற்குச் சின்னது. லினக்ஸுக்கு அவை வேறு வேறு, விண்டோஸுக்கு இரண்டும் ஒன்று. "உங்க கம்ப்யூட்டருக்குப் பெரிசு சின்னதுன்னு ஒண்ணும் தெரியாது, உங்கள மாதிரியே" என்று மனைவி கேலி செய்வாள். இப்போது நினைத்தாலும் சிரிப்பு வரவில்லை.

கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் மச்சினனுக்கு போன் போட்டான். அக்கா ஒரே படங்களை இரண்டு தடவை போட்டு வைத்திருப்பாள், இதற்குப் போய் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம் என்றான் அவன்.

"ரெண்டையும் ஒண்ணா சேத்துடுங்க மாமா. பேரு மோதினா, புதுசு எதுவோ அத வச்சுக்கச் சொல்லுங்க."

அப்படியே செய்தான். பெரிய எழுத்து ஃபோல்டர் வந்து சேர்ந்தது. சின்ன எழுத்து அதன்மேல் ஏறத் தொடங்கியது.

உள்ளறையில் மகள் பொம்மைகளுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள், அம்மாவின் அதட்டல் அச்சாக அந்தக் குரலில். அவனுக்கு மிச்சம் அவள் ஒருத்திதான். ஜன்னல் திரை வெயிலில் சூடேறிப் பழைய துணி வாசனை அடித்தது, ஃபேன் சுற்றுக்கு ஒரு தடவை முனகியது, லேப்டாப்புக்குள் யாரோ நகத்தால் சுரண்டுவது போல டிஸ்க் ஓடியது. சும்மா இருப்பானேன் என்று சின்ன எழுத்து ஃபோல்டரைத் திறந்தான்.

அதே படங்கள்தான். அதே பிறந்தநாள், அதே மஞ்சள் கவுன், அதே பள்ளிக்கூட வாசல். ஆனால் எல்லாவற்றிலும் பிள்ளை முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. மனைவியின் மடியில் உட்கார்ந்திருந்த படத்திலும் பின்னந்தலைதான் தெரிந்தது. அவள் மட்டும் அதற்கு மேலே கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தாள், பயந்துபோய். கடைசிப் படத்தின் தேதி இன்று. எடுத்த இடம் உள்ளறை.

தன் கம்ப்யூட்டரைப் பார்த்தான். மகளின் முகங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பிக்கொண்டிருந்தன.

நிறுத்தப் பார்த்தான். நிற்கவில்லை. வயரைப் பிடுங்கினான். டிஸ்க் ஓடியது. லேப்டாப்பை மூடினான். ஓடியது.

பிறந்தநாள் போயிற்று. பள்ளிக்கூடம் போயிற்று. மடி.

உள்ளறையில் பாடம் பாதியில் நின்றது.

முடிந்தது என்றது திரை. பிழை எதுவும் இல்லை.

"அப்பா, பசிக்குது."

கதவருகே நின்றாள். மஞ்சள் கவுன். ஒற்றைப் பின்னல். முதுகு.

விளையாடுகிறாள். அப்படித்தான் நினைத்துக்கொண்டான். போய்த் தோளைப் பிடித்துத் திருப்பினான். வெதுவெதுப்பான தோள்.

அந்தப் பக்கமும் பின்னல்.

தோளிலிருந்து கையை எடுத்தான்.

"அப்பா" என்றது குரல், முடிக்கு உள்ளேயிருந்து.

சமையலறைக்குப் போய்ச் சாப்பாட்டைப் போட்டு எடுத்துவந்தான். அவள் தரையில் உட்கார்ந்து காத்திருந்தாள். எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியாமல், தட்டைப் பிடித்தபடி நின்றான்.