யாரும் வர மாட்டார்கள்

"காப்பாத்துங்க...!"

அந்தக் கட்டிடத்தில் அலறல் புதிதல்ல. மனோதத்துவத் துறை. அடிக்கடி யாராவது அலறுவார்கள்... சம்பளத்துக்கு.

இன்று அலறியவள் ஆராய்ச்சி மாணவி. இந்த அலறல் மட்டும் நிஜம்.

சோதனைக்குப் புது அலறல் ஒன்று பதிவு செய்ய வேண்டும் என்று பேராசிரியர்தான் அவளை அந்த அறைக்குள் அனுப்பினார். போனாள். வெளியே பூட்டு விழுந்தது. அப்புறம்தான் பார்த்தாள்...

மூலையில், சத்தம் வெளியே போகாமலிருக்கச் சுவரில் ஒட்டிய ஸ்பாஞ்சிலிருந்து புகை!

ஜன்னல் கிடையாது. ஒரே ஒரு தடித்த கண்ணாடி. அதற்கு அந்தப் பக்கம், மைக் முன்னால் பேராசிரியர்.

"சார், தீ! கதவைத் திறங்க!"

"தெரியும்மா. நான்தான் வச்சேன்."

அவள் கண்ணாடியை ஓங்கி அறைந்தாள்.

அவரை உலகறியச் செய்தது ஒரே ஒரு கண்டுபிடிப்பு. ஆபத்தில் ஒருவர் அலறும்போது, கேட்பவர் ஒருவரென்றால் ஓடி வருவார். கூட்டமென்றால், அடுத்தவன் போகட்டும் என்று ஆளாளுக்கு முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். விருது, பதவி, பாடப்புத்தகத்தில் படம்... எல்லாம் அதனால் வந்தவை.

மாணவி அதே சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்தாள். ஒவ்வொரு தடவையும் கூட்டத்திலிருந்து யாராவது எழுந்து வந்தார்கள். நாளைக்குக் கருத்தரங்கில் அதைச் சொல்வதாக இருந்தாள்.

"உன் சோதனைல எங்கயோ தப்பு. மனுஷங்களைப் பத்தி எனக்குத் தெரியும்" என்றார் பேராசிரியர். "பக்கத்து ரூம்ல, இன்னிக்கு டெஸ்ட்டுக்கு வந்த ஆறு பேர் உட்கார்ந்திருக்காங்க. நீ பேசறது அவங்களுக்கு ஸ்பீக்கர்ல கேட்கும். நான் பேசறது கேட்காது."

"நீங்க பண்ணினதை அப்படியே சொல்லிடுவேன் சார்."

"தாராளமா சொல்லு. நாங்க எழுதிக் கொடுத்த வசனம்னு நினைப்பாங்க. ஆறு பேர்மா... ஒருத்தன் அசைய மாட்டான். அப்புறம் நான் வந்து விபத்துன்னு அழுவேன்."

அவர் பக்கத்து மைக் அணைந்தது.

கதவை உதைத்தாள். அது கல்லாக நின்றது. புகை இறங்க இறங்க, தரையோடு தரையாகப் படுத்து இருமலுக்கு நடுவே கத்தினாள்... பேராசிரியர் பூட்டிவிட்டார், அவர்தான் தீ வைத்தார், யாராவது வாருங்கள்...

யாரும் வரவில்லை.

சாவைவிட ஒரு சந்தேகம்தான் அவளை அதிகம் நடுங்க வைத்தது. ஒருவேளை... அவர் சொன்னதுதான் சரியோ?

டமார்!

கதவு பெயர்ந்து விழுந்தது. மூன்று பேர் கையில் பெஞ்சு. பின்னாலேயே ஒரு நர்ஸ், தீயணைக்கும் சிலிண்டரோடு. மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவர் போலீசுக்கு போனில் விலாசம் சொல்லிக்கொண்டிருந்தார். ஆறாவது ஆளான டாக்சி டிரைவர், நழுவப் பார்த்த பேராசிரியரைக் காலரைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்தார்.

பேராசிரியர் முகத்தில் ஈயாடவில்லை. அந்த நிலைமையிலும் கேட்டார்.

"இது டெஸ்ட்டுன்னு உங்களுக்குத் தோணவே இல்லையா?"

"தோணுச்சு சார்" என்றார் டிரைவர். "நடிப்பா இருந்தா அசடு வழிஞ்சுட்டுத் திரும்பிப் போயிடலாம். நிஜமா இருந்துட்டா?"

நர்சின் தோளில் சாய்ந்து, கரி படிந்த முகத்தோடு வெளியே வந்தாள் மாணவி. பேராசிரியரைத் தாண்டும்போது ஒரு நொடி நின்றாள்.

"சாரி சார். இந்தத் தடவையும் உங்க ரிசல்ட் வரல."