வாசல்வரை அம்மா

கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பழகுகிற எவரும் உலக வரலாற்றில் உருப்பட்டதே இல்லை. இந்த மாபெரும் உண்மையை அவள் கணவர் வாயில் பற்பசை நுரையோடு அறிவித்தபோது, தெருவில் பால் வண்டிகூட வந்திருக்கவில்லை. உலக வரலாறு என்று அவர் குறிப்பிட்டது, மெத்தைக் கடையில் அவர் விற்பனையாளராகச் சேர்ந்த நாளில் தொடங்கி, முந்தின நாள் கடை சாத்தியதோடு முடிவடைவது.

"நான் என்ன ஒத்திகை பாத்துட்டா மெத்தை விக்கிறேன்? படுத்துக் காட்டுவேன். அவ்வளவுதான்! வாங்கிட்டுப் போயிட்டே இருப்பான். பேச்சுங்கறது வயித்துலேர்ந்து வரணும்டி. கண்ணாடியப் பாத்துப் பேசறதெல்லாம் கூத்தாடிங்க பொழப்பு!"

அவள் கண்ணாடியை விட்டு நகர்ந்தாள். அன்றைக்கு மகளைப் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்கான நேர்காணல். நேர்காணல் மகளுக்கு அல்ல, பெற்றவர்களுக்கு. பெற்றவர்களுக்கு ஆங்கிலம் தெரிகிறதா என்று முதலில் பார்ப்பார்கள். பிள்ளைக்கு எழுத்து தெரிகிறதா என்பதெல்லாம் அப்புறம். அவள் வீட்டிலேயே திரைச்சீலை தைத்துக் கொடுப்பவள். மெஷினை மிதித்துக்கொண்டே வாரம் முழுவதும் மூன்று வாக்கியங்களை மனப்பாடம் செய்திருந்தாள். 'ஐ ஆம் ஹெர் மதர்' என்பது முதல் வாக்கியம். அதில் தப்பு வர வழியே இல்லை. இரண்டாவதில்தான் நாக்கு புரண்டது. அதையும் அவர் கேட்டுத் தொலைத்துவிட்டார்.

"போச்சு! இந்த லட்சணத்துல போனா, தெருமுனைப் பள்ளிக்கூடம்தான் நம்ம புள்ளைக்கு!"

தெருமுனை ஆரம்பப் பள்ளிக்கூடம் அவரைப் பொறுத்தவரை ஒரு தண்டனை. அந்தத் தெருவில் பாதிப்பேர் அங்கே படித்தவர்கள்தான். அவரும் அங்கேதான் படித்தார். அந்தத் தகவலை மட்டும் யாரும் அவருக்கு ஞாபகப்படுத்தக் கூடாது.

அப்போதுதான் அவர் கண் அவள் ஓரகத்தியின்மேல் விழுந்தது. அவர் தம்பியின் மனைவி, வங்கியில் வேலை பார்ப்பவள். தலையைப் பின்னிக்கொண்டே தொலைபேசியில் யாருக்கோ மளமளவென்று ஆங்கிலத்தில் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நீ வாயேம்மா… ஒரு அரை மணி நேரம். அம்மாவா உக்காந்துட்டு எழுந்து வந்துடு."

"மாமா! என்ன பேசறீங்க? அக்கா இருக்காங்க…"

"அக்கா இருக்கா. இங்கிலீஷ் இல்லையே!"

செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து தம்பியின் குரல் வந்தது. "அப்ப அப்பாவா யாரண்ணே போறது?"

"நான்தான்டா. எனக்கென்ன இங்கிலீஷ் தெரியாதா?"

"தெரியுமே. ஸ்பிரிங், ஃபோம்."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். வேண்டாம் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மகள் கட்டிலில் உட்கார்ந்து புது ஷூவைத் தடவிக்கொண்டிருந்தது.

"நீயே போம்மா…" என்றாள் அவள். "புள்ளைக்கு எடம் கெடைச்சாப் போதும். யார் உக்காந்தா என்ன…"

ஓரகத்தியின் துணிக்கு அவளே இஸ்திரி போட்டுக் கொடுத்தாள்.

இடம் கிடைத்தது. அரை மணி நேரம் என்று ஆரம்பித்த தாய்மை, மாதக்கணக்காக நீண்டது. பிள்ளையை அழைத்துப்போக வருகிறவர்களுக்கான அட்டையில் பெயர் அவளுடையது, புகைப்படம் ஓரகத்தியுடையது. பெற்றோர் கூட்டத்துக்கு ஓரகத்தி போனாள். விளையாட்டு விழாவில் ஓரகத்தி கைதட்டினாள். மகள் பரிசு வாங்கியதை அவள் வீட்டில் கைப்பேசியில் பார்த்தாள். அதையும் குதித்துக்கொண்டே எடுத்தவள் ஓரகத்தி என்பதால் படம் ஆடிக்கொண்டே இருந்தது.

அவளுக்கென்று ஒதுக்கப்பட்டது மத்தியானம். சூடாகச் சாப்பாடு கட்டிக்கொண்டு, பேருந்து பிடித்து, வாசல்வரை போகலாம். அங்கே அவளுக்கு ஒரு பதவியும் உண்டு: சாப்பாட்டு அக்கா. பதவியைச் சூட்டியவர் அவள் கணவர், அதாவது நம் மெத்தைக்காரர். காலைதோறும் மகளை எதிரில் நிறுத்திக் கேட்பார்.

"வாசல்ல சாப்பாடு கொண்டு வர்றது யாரு?"

"சாப்பாட்டு அக்கா!"

"சபாஷ்! என் தங்கம்!" உடனே ஒரு சாக்லேட்.

இது ஒத்திகை ஆகாது. அவர் அகராதியில் இதற்குப் பெயர் பயிற்சி.

"இன்னும் எத்தனை நாளைக்குங்க இது?" என்று அவள் ஒருமுறை கேட்டாள்.

"கொஞ்சம் பொறுடி… நல்ல நேரமாப் பாத்து நாசூக்கா மாத்திக்கலாம். இப்பப் போயி உண்மையச் சொன்னா புள்ளைய வெளிய அனுப்பிடுவான். உனக்கு உன் பட்டம் முக்கியமா, அவ படிப்பு முக்கியமா?"

அவள் திரும்பிப் போய் மெஷினை மிதித்தாள்.

*

மகளுக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டபோது, ஓரகத்தியின் கைப்பேசி வங்கி இழுப்பறைக்குள் கிடந்தது. அடுத்தபடியாக மெத்தைக்காரரைக் கூப்பிட்டார்கள். அவர் ஒரு புதுமணத் தம்பதிக்கு மெத்தையில் படுத்துக் காட்டிக்கொண்டிருந்தார். படுத்தபடியே மனைவிக்குத் தகவல் சொன்னார்.

"நீ போயி வாசல்ல நில்லு. அவள நான் எப்படியாவது புடிச்சு அனுப்பறேன். எதையும் உளறிடாத!"

அவள் ஓடினாள். துணியில் குத்த வைத்திருந்த குண்டூசிகள் கையோடு வந்திருந்ததைப் பேருந்தில்தான் கவனித்தாள்.

காவலாளி அவளைப் பார்த்ததும் சிரித்தார். "என்னக்கா, இன்னிக்கி சாப்பாடு முன்னாடியே வந்துடுச்சு?"

"புள்ளைக்கு ஜுரமாம்… கூட்டிட்டுப் போக வந்தேன்."

"அம்மா வரணுங்களே."

"நான்தாங்க அம்மா!"

அவர் சிரிப்பை நிறுத்தினார். அவள் தன் பெயரைச் சொன்னாள். அப்பா பெயரையும் வகுப்பையும் சொன்னாள். மகளின் முழங்காலில் இருக்கிற தழும்பு எப்படி வந்தது என்றுகூடச் சொன்னாள். அவர் அட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நல்ல மனிதர். அதனால் இரண்டு முறை பார்த்தார்.

"பேரு சரியா இருக்குக்கா. மூஞ்சிதான் இது இல்லையே…"

அலுவலகத்து மேடம் குழந்தையைக் கையில் பிடித்து அழைத்துவந்தார். குழந்தையின் கண்கள் சிவந்து, உதடு காய்ந்திருந்தது. கம்பிக் கதவுக்கு இந்தப் பக்கம் தாய். அந்தப் பக்கம் மகள்.

"பாப்பா, பயப்படாமச் சொல்லு. இவங்க யாரு?"

மகள் அவளைப் பார்த்தது. காய்ச்சலில் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. ஆனால் குரல் நடுங்கவில்லை.

"சாப்பாட்டு அக்கா."

சொல்லிவிட்டு, சரியாகச் சொன்னேனா என்பதுபோல் தாயின் முகத்தைப் பார்த்தது.

அவள் தலையசைத்தாள். வேறென்ன செய்வாள்? குழந்தை சரியாகத்தானே சொல்லியிருக்கிறது…

ஓரகத்தி வாடகை வண்டியில் வந்து இறங்கியதும் கதவு திறந்தது. அட்டையிலிருந்த முகம் போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தது. வண்டி தெருவைத் தாண்டிய பிறகுதான் மகள் சித்தியின் மடியிலிருந்து இந்த மடிக்கு ஊர்ந்து வந்து, "அம்மா… குளுருதும்மா…" என்றது.

*

மருந்து கொடுத்துக் குழந்தை தூங்கிய பிறகு மெத்தைக்காரர் வந்தார். நடந்ததை எல்லாம் கேட்டார். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தியா என் பொண்ண! ஜுரத்துல கெடக்கறப்பக்கூட ஒரு வார்த்த உளறல பாரு! கெட்டிக்காரி!"

அவள் கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்தாள். வீசி எறிந்திருந்தால் அவர் பயந்திருக்க மாட்டார். மெதுவாக வைத்ததில்தான் ஒரு அடி பின்வாங்கினார்.

"கெட்டிக்காரியா? பெத்த தாயத் தெரியாதுன்னு சொல்ல வெச்சிருக்கோம்… அதுக்கு சாக்லேட் வேற! பேச்சு வயித்துலேர்ந்து வரணும்னீங்களே… அவ என் வயித்துலேர்ந்து வந்தவங்க! அத நான் எந்த பாஷையில சொன்னா அந்தக் கதவு தொறக்கும்? சொல்லுங்க!"

"இப்ப எதுக்குக் கத்தற? அவ நல்லதுக்குத்தானே…"

"அவளுக்கு நல்லதா? உங்க கடை முதலாளிகிட்ட பீத்திக்கறதுக்கு!"

சுவரோரமாக நின்றிருந்த ஓரகத்தி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"மாமாவ மட்டும் திட்டாதீங்கக்கா… எப்பவோ மாத்தியிருக்கலாம். அந்த மேடம் நல்லவங்க, சொன்னாப் புரிஞ்சுப்பாங்க. நான்தான்… நான்தான் தள்ளித் தள்ளிப் போட்டேன். மொத மீட்டிங்குல, 'உங்க அம்மா வந்திருக்காங்க'ன்னு யாரோ சொன்னதும் ஓடி வந்து என் காலக் கட்டிக்கிட்டாக்கா… எனக்குன்னு யாருக்கா இருக்கா, ஓடி வந்து கட்டிக்க?"

எப்போதும் ஏதாவது சொல்லும் தம்பி செய்தித்தாளைத் தேடினார். அன்றைய தாள் அடுப்படியில் பொட்டலமாகிவிட்டிருந்தது.

அடிக்கத்தான் அவள் கை எழுந்தது. அது சத்தியம். போய் இறங்கியது என்னவோ ஓரகத்தியின் தலையில். தரையில் உட்கார்ந்து அவளைத் தோளோடு சேர்த்துக்கொண்டாள்.

"அழாத. உன்மேல தப்பில்ல…" என்று ஆரம்பித்து, கொஞ்சம் யோசித்து, "கொஞ்சம் இருக்கு. ஆனா அழாத," என்று முடித்தாள்.

பிறகு கணவரிடம் திரும்பினாள். "தெருமுனைப் பள்ளிக்கூடத்துல சேக்கப் போறேன். நீங்க வரலன்னாலும் சேப்பேன்."

*

தெருமுனைப் பள்ளிக்கூடத்தில் கூரை ஒரு இடத்தில் ஒழுகியது. அங்கே பிள்ளைகள் உட்காரவில்லை, ஒரு வாளி உட்கார்ந்திருந்தது. தலைமையாசிரியையின் முந்தானை முழுக்க சாக்பீஸ் தூள்.

"நீங்க?"

"அம்மா."

"சரி. புள்ளைக்கு ஏதாவது ஒத்துக்காதா? காது, கண்ணு நல்லாருக்கா?"

அடுத்த கேள்விக்காக அவள் தயாராக நின்றாள். தான்தான் அம்மா என்பதற்கு என்ன காட்டச் சொல்வார்கள்? ஒன்றும் கேட்கவில்லை. நிறைய வேலை இருப்பவர்போல் இருந்தது.

"நல்ல பள்ளிக்கூடத்துலேர்ந்து பாதியில ஏன் மாத்தறீங்கன்னு அப்பாவும் வந்து ஒரு வார்த்த சொல்லணும். நாளைக்குக் கூட்டிட்டு வந்துடுங்க. அப்புறம் வந்து சண்டை போடறவங்க இருக்காங்க பாருங்க, அதுக்காகத்தான்."

அதை வீட்டில் சொன்னாள். மெத்தைக்காரர் வருவேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. சாப்பாட்டில் உப்பு அதிகம் என்றுகூடச் சொல்லவில்லை. அது அதிகமாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். காய்ச்சல் விட்டு முகம் சின்னதாகியிருந்தது.

"அம்மா…"

"ம்."

"இந்தப் பள்ளிக்கூடத்துல நீ யாரு?"

சீப்பு பாதித் தலையில் நின்றது.

"அம்மா."

"வாசல்லயும்?"

"வாசல்லயும்."

"உள்ள வந்தா?"

"உள்ளயும் அம்மாதான்டி."

குழந்தை கொஞ்சம் யோசித்தது. "சொல்லிப் பாக்கணுமா?"

"வேணாம்," என்றாள் அவள். மீதிப் பின்னலைப் போட்டாள். ஓரகத்தி வந்து ரிப்பனைக் கட்டிவிட்டு, குழந்தையின் கன்னத்தைத் தொட்டு, "சித்தி ஆபீசு போயிட்டு வர்றேன்," என்றாள். சித்தி என்பதை அழுத்திச் சொன்னாள். தனக்கே சொல்லிக்கொள்வதுபோல் இருந்தது.

நேரமாகிவிட்டது. கணவரைக் கூப்பிடலாமா, தனியாகப் போய்விடலாமா என்று நினைத்தபடி அவள் படுக்கையறைப் பக்கம் போனாள். கதவு சாத்தியிருந்தது, ஆனால் முழுதாகச் சாத்தவில்லை.

மெத்தைக்காரர் கண்ணாடி முன்னால் நின்றிருந்தார். சட்டையைப் போட்டுப் பொத்தான் எல்லாம் மாட்டியாகிவிட்டது. தலையும் வாரியாகிவிட்டது.

"டீச்சர், வணக்கம். நான் பாப்பாவோட அப்பா. தப்பு என்னுதுதான்… நான்தான் வேற ஒருத்தர…" நிறுத்தினார். காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். "டீச்சர், வணக்கம். நான் அப்பா. இவங்க…"

கண்ணாடியில் தன் முகத்தையே பார்த்தார்.

"இவங்க பாப்பாவோட…"

அந்த இடத்துக்கு வந்ததும் இருமினார். தண்ணீர் குடித்தார். மறுபடி அந்த இடத்துக்கு வந்தார். மறுபடி இருமல்.

அவள் உள்ளே போகவில்லை. போயிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பாள், சொல்ல நிறையவே இருந்தது. வாசலுக்கு வந்து செருப்பைப் போட்டுக்கொண்டு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா வரலியாம்மா?"

"வருவாரு. இரு."

உள்ளே அவர் முதலிலிருந்து ஆரம்பித்தார்.